மான்குட்டியின் சாட்சியம்

சகுந்தலை கதை தெரியுமா என்று யாரைக் கேட்டாலும் மோதிரம், மீன், சாபம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். மான்குட்டியை யாரும் சொல்வதில்லை. காளிதாசனின் நாடகத்தில் அந்தக் குட்டிக்குத் தீர்க்காபாங்கன் என்று ஒரு பெயரே இருக்கிறது, ஐந்தாம் அங்கத்தில் அரசவை நடுவே ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் அது தண்ணீர் குடித்த கதையை நம்பித்தான் கொஞ்ச நேரம் நிற்கிறது. எனக்கு இந்த நாடகத்தின் மையமே அந்த இடம்தான். மோதிரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெங்களூரில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் அவ்வப்போது யாராவது ஒருவர் வீட்டில் கூடி நாடகம் வாசிப்போம். வேஷம், ஒத்திகை எதுவும் கிடையாது, கையில் பிரதி, ஆளுக்கொரு பாத்திரம், நடுவில் காபியும் சுண்டலும், அவ்வளவுதான். அல்சூர், மல்லேஸ்வரம், வைட்ஃபீல்டு என்று நாலாபக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்வதற்குள் வீட்டுக்காரர் இரண்டு முறை பால் காய்ச்சிவிடுவார். இந்த முறை ஜெயநகரில் ஒரு வீட்டு மாடியில் சாகுந்தலம். மறைமலையடிகள் இதை 1907-லேயே தமிழாக்கிவிட்டார், அவர் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்குவதற்கும் முன்னால். அதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொண்டோம், ஆனால் ஒரு சிக்கல் வந்தது. மூலத்தில் எல்லோரும் ஒரே மொழி பேசுவதில்லை. அரசனும் முனிவர்களும் சமஸ்கிருதம், சகுந்தலையும் தோழிகளும் அரசனின் வேடிக்கைத் தோழனான விதூஷகனும் மீனவனும் பிராகிருதம். மொழிபெயர்ப்பில் எல்லோரும் செந்தமிழ் பேசினால் அந்த மேடு பள்ளம் போய்விடுகிறதே என்று பேச்சு வந்து, கடைசியில் அரசனுக்கு எழுத்துத் தமிழ், பெண்களுக்கு வீட்டுத் தமிழ், மீனவனுக்கு அல்சூர்த் தமிழ் என்று பிரித்துக்கொண்டோம். இதனால் என்ன ஆனது என்றால், ஐந்தாம் அங்கத்தில் சகுந்தலை சபையில் வந்து பேசும்போது அவளுடைய மொழியே அங்கே செல்லாது என்பது யாரும் விளக்காமலே காதில் விழுந்தது.

நாடகம் பார்ப்பதற்கென்றே ஜே.பி. நகர் ரங்க சங்கராவுக்கு அடிக்கடி போய்வருகிற நண்பர் ஒருவர் தொடக்கத்திலேயே கேட்டார், "இதை மேடை ஏத்தினா காட்டை எப்படிக் காட்டுவீங்க? பிளாஸ்டிக் செடி வாடகைக்கு எடுக்கணுமா?" நல்ல கேள்வி. காளிதாசன் எழுதிய மேடையில் செட் என்பதே கிடையாது. சகுந்தலை செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்றால் நடிகை ஊற்றுவதுபோல் அபிநயம் பிடிப்பாள், தேர் ஓடுகிறது என்றால் ஓடுவதுபோல். காடு முழுக்கச் சொல்லில்தான் இருக்கிறது. மான் எப்படி ஓடுகிறது? கழுத்தை அழகாக வளைத்துத் திரும்பித் திரும்பித் தேரைப் பார்த்தபடி, அம்பு படுமோ என்று பின்னுடம்பை முன்னால் சுருக்கிக்கொண்டு, களைப்பில் திறந்த வாயிலிருந்து பாதி மென்ற தருப்பைப் புல் வழியெல்லாம் சிந்த ஓடுகிறது. இதைக் கேட்ட பிறகு மேடைக்கு மான் எதற்கு? அடுத்து தேர் வேகத்துக்கு ஒரு பாட்டு, தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது சட்டென்று பெரிதாகிறது, வளைந்தது நேராகத் தெரிகிறது, எதுவும் கணநேரம்கூடத் தொலைவிலும் இல்லை பக்கத்திலும் இல்லை என்று. எங்களில் அரசன் துஷ்யந்தனாக வாசித்தவர் வைட்ஃபீல்டிலிருந்து வந்தவர், அந்த வேகத்தைப் பற்றி வாசிக்கும்போது அவருக்கே சிரிப்பு அடங்கவில்லை.

நாடகத்துக்கு முன்னால் வரும் முன்னுரைக் காட்சியைப் பலரும் வெட்டிவிடுகிறார்கள், வெட்டக்கூடாது. நாடகத்தை நடத்துகிற சூத்திரதாரன், நடியை, அதாவது நடிகையை, கோடைப் பாட்டு ஒன்று பாடச் சொல்கிறான். வண்டுகள் மெல்ல முத்தமிட்டுப் போகும் மென்மையான வாகைப்பூவைப் பெண்கள் காதில் செருகிக்கொள்கிறார்கள் என்று அவள் பாடுகிறாள். (நமக்கு வாகை என்றால் வெற்றிப் பூ, புறத்திணை. அங்கே அது காதில் செருகும் கோடைப் பூ.) பாட்டில் மயங்கி, இன்றைக்கு எந்த நாடகம் போடுகிறோம் என்பதையே சூத்திரதாரன் மறந்துவிடுகிறான். அவள் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. அரசன் சகுந்தலையை மறந்துபோகும்படி சபிக்கும் துர்வாச முனிவர் வருவதற்கு மூன்று அங்கங்கள் முன்பே, சாபம் எதுவும் இல்லாமலே, மறதி மேடைக்கு வந்துவிட்டது! அந்த வாகைப்பூவை நினைவில் வையுங்கள், ஆறாம் அங்கத்தில் வேண்டியிருக்கும்.

முதல் அங்கத்தில் துஷ்யந்தன் துரத்தி வந்த மானின் மேல் அம்பு விடப்போகும்போது துறவி ஒருவர் தடுக்கிறார். இது ஆசிரமத்து மான், இந்த மெல்லிய உடம்பில் அம்பு பாய்வது பூக்குவியலில் தீ வைப்பதுபோல, உன் ஆயுதம் துன்பப்படுகிறவர்களைக் காப்பதற்குத்தானே. அரசன் உடனே அம்பை இறக்கிவிடுகிறான், நல்ல பிள்ளையாக. ஐந்தாம் அங்கம் முடிந்த பிறகு இந்தக் காட்சியைத் திரும்ப நினைத்தால், எந்த மானைக் கொல்லாதே என்று அவர்கள் சொன்னார்கள் என்று வயிற்றைப் பிசைகிறது.

உள்ளே சகுந்தலை மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அப்பா சொன்னதற்காக மட்டும் செய்யவில்லை, எனக்கு இவற்றின் மேல் உடன்பிறந்த பாசம் இருக்கிறது என்கிறாள். இந்த வரி வந்ததும் மாடியில் பாதிப் பேர் "நற்றிணை!" என்றார்கள். புன்னை மரத்தடியில் காதலனைச் சந்திக்க வெட்கப்படும் அந்தப் பெண்ணை நமக்கெல்லாம் தெரியும். தான் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த விதை முளைத்து, அதை நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்து, அம்மா அதைக் காட்டி இவள் உன் தங்கை என்று சொல்லிவிட்டதால், தங்கை முன்னால் எப்படிக் காதலனோடு சிரித்துப் பேசுவது என்று தயங்குகிறாள். நற்றிணை 172. காளிதாசன் இதைப் படித்தானா என்ற ஆராய்ச்சிக்கெல்லாம் நான் போகவில்லை, மரத்தைக் கூடப்பிறந்தவளாகப் பார்க்க ஒருவரைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. காதல் பாட்டில் வரும் கொக்கும் மரமும் சும்மா அழகுக்கு நிற்கவில்லை, கதையில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்பது நமக்குப் பாடப்புத்தகத்திலேயே வந்துவிடுகிறது.

கபிலர் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், குறுந்தொகை 25. ஒரு பெண் சொல்கிறாள்: அவன் என்னோடு கூடிய அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவன் இல்லை என்று பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், தினைத்தாள் போலச் சின்னப் பசுங்கால்களோடு ஓடும் தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு மட்டும் நின்றது. ஐந்தே வரி. அந்தக் குருகுக்கு மீனில்தான் கண், இவள் பக்கம் அது திரும்பவே இல்லை. சாட்சி இருந்தும் இல்லாத நிலை. இந்த ஐந்து வரியை எடுத்து ஏழு அங்கமாக விரித்தால் சாகுந்தலம் வரும் என்று நான் அன்றைக்கு உரக்கச் சொன்னேன், கொஞ்சம் மிகைதான், சமஸ்கிருதம் படித்த ஒருவர் முறைத்தார். ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெறுவதாக இல்லை.

மூன்றாம் அங்கத்தில் மாலினி ஆற்றங்கரைக் கொடிவீடு, கிளியின் வயிறு போல மெல்லிய தாமரை இலையில் நகத்தால் கீறிய காதல் கடிதம். பெரியவர்கள் வருகிறார்கள் என்று எச்சரிக்க, சக்கரவாகப் பறவையே, துணையிடம் விடைபெற்றுக்கொள், இரவு வந்துவிட்டது என்று தோழிகள் குரல் கொடுக்கிறார்கள். சங்கேதச் சொல்கூடப் பறவைதான். நேரில் கண்ட மனித சாட்சி ஒருவரும் இல்லாமல் காந்தர்வ மணம் நடந்து முடிகிறது.

நாலாம் அங்கத்தைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம், வடமொழிக்காரர்கள் நாடகத்திலேயே சிறந்த அங்கம் என்று காலங்காலமாகக் கொண்டாடுவது இதைத்தான். எங்களில் சகுந்தலையை வளர்த்த முனிவர் கண்வராக வாசித்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர், எல்லோருக்கும் மாமா, மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியவர். மரங்களைப் பார்த்து அவர் வாசித்தார்: உங்களுக்குத் தண்ணீர் ஊற்றாமல் தான் ஒரு வாய் குடிக்காதவள், அலங்காரத்தில் ஆசை இருந்தும் உங்கள் மேல் உள்ள பாசத்தால் ஒரு தளிரைக்கூடக் கிள்ளாதவள், நீங்கள் முதல் பூ பூக்கும் நாளைத் திருவிழாவாகக் கொண்டாடியவள், இப்போது கணவன் வீட்டுக்குப் போகிறாள், எல்லோரும் விடை கொடுங்கள். குயில் கூவுகிறது. மரங்கள் குயில் குரலில் அனுமதி தந்துவிட்டன என்கிறார் கண்வர். மான்கள் வாயிலிருந்த புல்லை விடுகின்றன, மயில்கள் ஆட்டத்தை நிறுத்துகின்றன, கொடிகள் பழுத்த இலையைக் கண்ணீராக உதிர்க்கின்றன. மாமாவின் குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது.

சகுந்தலையாக வாசித்த கல்லூரிப் பெண் விடவில்லை. "ஏன் மாமா, மரத்துக்கிட்டல்லாம் உத்தரவு கேக்கறீங்களே, போற இடம் எப்படின்னு யாராவது விசாரிச்சீங்களா?" என்றாள். "நான் என்னம்மா பண்ண, அவர் எழுதினதைத்தானே வாசிக்கிறேன்" என்று மாமா சமாளித்தார். ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அங்கத்தின் கடைசியில் அதே கண்வர், பெண் என்பவள் பிறர் பொருள், அடைக்கலமாக வைத்திருந்ததை உரியவனிடம் ஒப்படைத்துவிட்டேன், இப்போது மனம் தெளிந்துவிட்டது என்கிறார். சாபத்தைக் கேட்ட தோழிகள் இருவரும் அதை அவளிடம் சொல்லவில்லை, அவன் அடையாளம் தெரியாமல் தடுமாறினால் மோதிரத்தைக் காட்டு என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். அந்தக் கூட்டத்தில் அவளைப் போகவிடாமல் இழுத்தது ஒரே ஒருவர். தருப்பை கிழித்த வாய்க்கு அவள் எண்ணெய் தடவிக் குணமாக்கி, சாமை அரிசி ஊட்டி வளர்த்த மான்குட்டி, பின்னால் வந்து சேலையைப் பிடித்து இழுக்கிறது.

நாங்கள் உட்கார்ந்திருந்த மாடிக்கு நேர் எதிரே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் அடித்தண்டில் சிவப்பு பெயின்ட்டில் எண். இந்த ஊரில் மரத்தில் எண் விழுந்தால் அதற்கு ஏதோ ஒரு கணக்கு தொடங்கிவிட்டது என்று மக்கள் பதறிப்போவார்கள், சாலை அகலப்படுத்தவும் மெட்ரோவுக்கும் அவ்வளவு மரங்கள் போயிருக்கின்றன. 1976-ஆம் வருட கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மரம் வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும், ஐம்பதுக்கு மேல் என்றால் பொது அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். ஆட்சேபணை எழுதுகிறவர்கள் நிழல், வெப்பம், பறவை, மண் என்று எழுதுவார்கள், அதெல்லாம் செல்லும். இது முதல் முறை பூத்தபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம் என்று எழுதினால் எந்தக் கோப்பில் சேர்ப்பார்கள் என்று தெரியவில்லை. கண்வர் சொன்னது இந்த இரண்டாவது வகை.

சரி, ஐந்தாம் அங்கத்துக்கு வருவோம். அவளைக் கூட்டிவந்த சீடர்கள் அரண்மனைக் கூட்டத்தைப் பார்த்ததும் ஒருவர், தீப்பிடித்த வீட்டுக்குள் வந்ததுபோல் இருக்கிறது என்கிறார், மற்றவர், குளித்து முடித்தவன் எண்ணெய் பூசி நிற்பவனைப் பார்ப்பதுபோல் இந்தச் சனங்களைப் பார்க்கிறேன் என்கிறார். இதை வாசித்தவர் அன்று சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி வந்தவர், கூடுதல் உணர்ச்சியோடு வாசித்தார்.

அரசனுக்கு எதுவும் நினைவில்லை. சாபம். மோதிரத்தைத் தேடுகிறாள், விரலில் இல்லை, வழியில் சசீதீர்த்தத்தில் தண்ணீரை வணங்கும்போது நழுவிவிட்டிருக்கிறது. கையில் இருந்த ஒரே நகரத்துச் சான்று போய்விட்டது. அப்போது அவள் காட்டுச் சான்றை எடுக்கிறாள். ஒருநாள் கொடிவீட்டில் தாமரை இலைத் தொன்னையில் தண்ணீர் இருந்ததே, என் வளர்ப்பு மகன் தீர்க்காபாங்கன் வந்தானே, முதலில் அவன் குடிக்கட்டும் என்று நீங்கள் நீட்டினீர்களே, பழக்கமில்லாத கையில் அவன் குடிக்கவில்லை, நான் வாங்கி நீட்டியதும் குடித்தான், எல்லோரும் தன் இனத்தைத்தான் நம்புவார்கள், நீங்கள் இருவருமே காட்டுவாசிகள் என்று சொல்லிச் சிரித்தீர்களே. (நாலாம் அங்கத்திலும் குட்டியை வளர்ப்பு மகன் என்றே சொல்வதால் இரண்டும் ஒன்றே என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.) எவ்வளவு துல்லியமான சாட்சியம்! இடம், பாத்திரம், யார் கை, யார் என்ன சொன்னார்கள், எல்லாம் இருக்கிறது. பொய் சொல்கிறவள் இந்தக் கதையைக் கட்டியிருக்க மாட்டாள், இன்னும் பெரிதாக ஏதாவது கட்டியிருப்பாள்.

துஷ்யந்தன் பதில் என்ன தெரியுமா? இப்படித் தேன் தடவிய பொய்ச் சொற்களில்தான் ஆசைக்காரர்கள் மயங்குவார்கள் என்கிறான். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. விலங்குப் பெண்களுக்கே கற்றுக்கொடுக்காத தந்திரம் உண்டு, குயில் தன் குஞ்சைப் பறக்கும்வரை வேறு பறவைகளிடம் வளர்க்கிறதே என்கிறான். போன அங்கத்தில் காடு அவளுக்கு விடை கொடுத்தது குயில் குரலில்தான், இந்த அங்கத்தில் அதே குயிலை அவளுக்கு எதிராக நிறுத்துகிறான் அரசன். மேனகை பெற்றுவிட்டுப் போக, கண்வர் எடுத்து வளர்த்த பெண்ணிடம் இதைச் சொல்வது எவ்வளவு கொடுமை. அவள் அவனை அற்பனே என்கிற பொருளில் சபையில் திட்டுகிறாள். எங்கள் சகுந்தலை அந்தச் சொல்லை மூன்று முறை திரும்ப வாசித்தாள், யாரும் தடுக்கவில்லை.

மகாபாரதத்தில் இந்தக் காட்சி வேறு மாதிரி. அங்கே மோதிரமும் இல்லை சாபமும் இல்லை, அரசனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, தெரிந்தே மறுக்கிறான். சகுந்தலை நிமிர்ந்து நின்று வாதாடுகிறாள், சூரியன், சந்திரன், காற்று, நெருப்பு, வானம், பூமி, தண்ணீர் எல்லாம் மனிதன் செய்வதை அறியும் என்கிறாள். வானத்திலிருந்து ஓர் அசரீரி வந்து சாட்சி சொல்ல, வழக்கு தீர்கிறது. காளிதாசன் அரசனைக் காப்பாற்றச் சாபத்தைக் கொண்டுவந்துவிட்டான் என்று குறை சொல்பவர்கள் உண்டு, எனக்கும் அந்தக் குறை இருக்கிறது. ஆனால் அசரீரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மான்குட்டியை வைத்தானே, அதற்காக அவனைப் பாதி மன்னித்துவிடலாம். வானம் பேசினால் எந்த அரசனும் கேட்பான்.

ஆறாம் அங்கத்தில் மோதிரம் கிடைக்கிறது, ரோகு மீன் வயிற்றிலிருந்து. கொண்டுவந்த மீனவனைக் காவலர்கள் திருடன் என்று கட்டி இழுத்து வருகிறார்கள், உண்மை சொல்லும் இன்னொரு ஆள், அவனையும் முதலில் யாரும் நம்பவில்லை. பிறந்த தொழிலை விடக்கூடாது சார், யாகத்தில் ஆடு வெட்டுகிற ஐயரும் இரக்க குணம் உள்ளவர்தானே என்று அவன் வாதாடுவதை அல்சூர்த் தமிழில் வாசித்தபோதுதான் அன்றைக்கு அதிகம் சிரித்தோம். நிரபராதி என்று தெரிந்ததும் பரிசுப் பணத்தில் பாதியைக் காவலர்களுக்கே கொடுத்துவிட்டு எல்லோரும் ஒன்றாகச் சாராயக் கடைக்குப் போகிறார்கள்.

அரசனுக்கு நினைவு திரும்பிவிட்டது. வசந்த விழாவைத் தடை செய்கிறான், மா மொட்டு விட்டும் மகரந்தம் கட்டவில்லை, குயில் குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது என்று அந்தப்புரத்தைக் கவனிக்கும் அதிகாரியான கஞ்சுகி சொல்கிறார். அவளை ஓவியமாக வரைந்து வைத்துக்கொண்டு இன்னும் என்னென்ன சேர்க்க வேண்டும் என்று விதூஷகனிடம் பட்டியல் போடுகிறான். மாலினி ஆறு, மணல்திட்டில் அன்ன இணை, இமயத்து அடிவாரம், மரவுரி காயும் மரம், அதன் கீழே கலைமானின் கொம்பில் தன் இடது கண்ணைச் சொறிந்துகொள்ளும் பெண்மான். அப்புறம் நினைவு வருகிறது, காதில் வாகைப்பூ வரையவில்லையே! கலித்தொகைப் பாலைப் பாட்டில் தன் நிழலைப் பெண்மானுக்குக் கொடுத்து நிற்கும் கலைமானைத் தெரிந்தவர்களுக்கு, கொம்பு முனையில் கண்ணை நம்பிக் கொடுக்கும் இந்த மானைப் பார்த்ததும் என்ன தோன்றும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் நேரில் நின்று பார்த்தவன்தான் இவன், சபையில் கேட்டபோது ஒன்றையும் ஏற்கவில்லை, இப்போது தூரிகையால் ஒவ்வொன்றாகச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறான். ஓவியத்தில் இருக்கும் வண்டை நிஜம் என்று நினைத்துத் துரத்தவும் செய்கிறான்.

ஏழாம் அங்கம் எனக்கு எப்போதும் கொஞ்சம் அவசரமாகவே படும், ஆனால் ஒரு விஷயத்துக்காகப் பொறுமையாக வாசிக்க வேண்டும். மாரீசர் என்ற முனிவரின் ஆசிரமத்தில் ஒரு சிறுவன், சகுந்தலையின் மகன், வாயைத் திற, பல் எண்ணணும் என்று சிங்கக்குட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான். அவன் கையில் கட்டியிருந்த மூலிகைக் காப்பு கீழே விழுகிறது. பெற்றோரும் அவனும் தவிர வேறு யார் எடுத்தாலும் அது பாம்பாகிக் கடிக்கும். அரசன் எடுக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. அப்பன் யார் என்பதைக் கடைசியில் நிரூபித்தது ஒரு மூலிகை! பிறகு சகுந்தலை வருகிறாள், அவன் காலில் விழுகிறான், அந்தப் புகழ்பெற்ற மோதிரத்தை நீட்டுகிறான். அவள் வாங்கவில்லை. இதை நான் நம்பமாட்டேன், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்கிறாள்.

எல்லோரும் இந்திரன் தேரில் தலைநகருக்குக் கிளம்புகிறார்கள், மாரீசர் ஆள் அனுப்பிக் கண்வருக்குச் செய்தி சொல்கிறார். எனக்கு இதில் தீராத ஒரு குறை. நாலாம் அங்கத்தில் கிளம்பும்போது சகுந்தலை, குடிலைச் சுற்றி மெதுவாக நடக்கும் சினைமான் நல்லபடியாகக் குட்டி போட்டால் யாரையாவது அனுப்பி எனக்குச் சொல்லுங்கள் அப்பா என்று கேட்டாள், அவரும் மறக்க மாட்டேன் என்றார். ஏழு அங்கம் முடிந்தும் அந்தச் செய்தி வரவே இல்லை. "போட்டிருக்கும்மா, நான் சொல்றேன், ரெண்டு குட்டி" என்றார் மாமா, பிரதியை மூடியபடி. மேடை ஏற்றினால் அந்த வசனத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.